கச்சான் காற்றில் ஒரு கச்சேரி: சர்பத் கடையில் நின்று அளந்த சத்தம்

"அண்ணே, ஒரு நன்னாரி. ஐஸ் கம்மி."

பையன் இதை மூன்று தடவை சொன்னான். நான்காம் தடவை சொல்லாமல் பாட்டிலைக் கைகாட்டினான். சர்பத் கடை அண்ணன் தலையாட்டிவிட்டுப் பாதாம் பாலை ஊற்றி நீட்டினார். பையன் டம்ளரைப் பார்த்தான், திருப்பிக் கொடுக்க வாயெடுத்தான், சரி போகட்டும் என்று குடித்துக்கொண்டே போய்விட்டான். நான் சவுண்ட் மிக்சர் மேசையிலிருந்து எழுந்து தண்ணீர் பாட்டில் வாங்க வந்திருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்ததில் அது திட்டு என்று மட்டும் புரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரை. கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் ஒரு மீனவக் கிராமம். ஆடி மாதம், முளைக்கொட்டுத் திருவிழா. கடைசி இரண்டு இரவும் மேடை நிகழ்ச்சி. முதல் நாள் இன்னிசைக் கச்சேரி, மறுநாள் கிராமியக் கலைக்குழு. ஒலி அமைப்பு என்னுடையது. குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு பனைமரத்தில் ஏறிக் கட்டிய காலத்திலிருந்து இந்த ரேடியோ செட் தொழிலில் இருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சண்டை தீர்ந்துவிட்டது, மறுபடி கிளறுவானேன்? முதல் இரவு நான் செய்த தப்பையும், மறுநாள் அதைச் சரிக்கட்டப் பட்ட பாட்டையும் மட்டும் எழுதுகிறேன். இதே தப்பை இந்தக் கரை முழுக்கப் பலரும் செய்துகொண்டிருக்கிறோம்.

இடம்

திடல் கிழக்கு மேற்காக சுமார் 60 மீட்டர், வடக்கு தெற்காக 40 மீட்டர். தெற்கே மணல், அதைத் தாண்டி மன்னார் வளைகுடா. மேற்கே கிழக்கு பார்த்த அம்மன் கோயில், அதற்குப் பின்னால் பனங்காடு, அப்புறம் உப்பளம். வடக்கே சாலை. சாலையின் இந்தப் பக்கத்தில் கடை வரிசை: சர்பத், ஜிகர்தண்டா, பரோட்டா, மிளகாய் பஜ்ஜி, வளையல். சாலைக்கு அந்தப் பக்கம் ஊர் வீடுகள். கிழக்கே வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் கரை, அதையும் தாண்டிப் பத்துப் பதினைந்து வீடுகள். அந்த வீடுகள் வேறு குடியிருப்பு. இந்தத் திருவிழாவில் அவர்களுக்கு வரியும் இல்லை, முறையும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் திருவிழா முடியும்வரை கடலுக்குப் போவதில்லை, அவர்கள் போவார்கள்.

ஆடியில் இங்கே கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து ஊர்ப் பக்கமாக அடிக்கும். இதை இங்கே பிறந்த சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் மேடை போடும்போது காற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மேடை என்றால் இரண்டு டிராக்டர் டிரைலரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பலகை பரப்பி, தார்ப்பாய் கட்டியது. அதைத் தெற்கு ஓரத்தில், கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்கள். மேடைக்குப் பின்னால் கடல் தெரிந்தால் போட்டோவுக்கு நல்லாயிருக்கும் என்பது இளைஞர் மன்றத்தின் எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் என் பாக்ஸெல்லாம் நேர் வடக்கே பார்த்தன. எதிரே கடைகள், கடைகளுக்குப் பின்னால் வீடுகள், முதுகில் கச்சான்.

முதல் இரவு

பக்கத்துக்கு இரண்டு டாப் (குரலுக்கான பாக்ஸ்), இரண்டு பேஸ் (அடிச் சத்தத்துக்கான பாக்ஸ்). எல்லாம் தரையில். பாடகர்கள் நான்கு பேர், கீபோர்டு, கிட்டார், ரிதம் பேட், தபேலா.

எட்டு மணிக்கெல்லாம் கடைப் பக்கம் முணுமுணுப்பு. எட்டரைக்குச் சர்பத் கடை அண்ணன் அட்டையில் சரக்கின் பெயரையெல்லாம் எழுதித் தொங்கவிட்டார், வருகிறவர்கள் தொட்டுக் காட்டட்டும் என்று. பரோட்டாக் கடையில் மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் நடுவே ஒரு பையனை நிறுத்தி ஓடவிட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை இருந்தது. அதன் ஆச்சி வந்து என் மேசை முன்னால் ஒன்றும் பேசாமல் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒன்பது மணிக்குப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு, "கொஞ்சம் குறைங்க தம்பி" என்றார். மிக்சரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மாஸ்டரை 3 டெசிபல் இறக்கினேன். யாருக்கும் தெரியவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 3 டெசிபல் குறைத்தால் ஆம்ப் தரும் பவர் பாதியாகும், காதுக்கு மட்டும் அது பாதியாகப் படாது. சத்தம் பாதியானது போலத் தோன்ற சுமார் 10 டெசிபல் இறங்க வேண்டும், அதாவது பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். "குறைச்சிட்டேன் சார்" என்று நான் சொன்னது உண்மை. "எங்கப்பா குறைச்ச?" என்று அவர் கேட்டதும் உண்மை.

அடுத்து நடந்ததைத் தொழிலில் இருப்பவர்கள் ஊகித்திருப்பீர்கள். முன்னால் சத்தம் குறைந்ததும் பாடகர், "மானிட்டர்ல கேக்கல, ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். மானிட்டர், அதாவது பாடகர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் வைக்கும் பாக்ஸ், ஏறியதும் கிட்டார்காரர் தன் ஆம்பை ஏற்றிக்கொண்டார். மேடையே இரைந்தது. அந்த இரைச்சலைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டுமென்று நானே மாஸ்டரைத் தொட்டேன். அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்தாயிற்று.

இடையில் கைபேசிச் செயலியை வைத்து மூன்று இடத்தில் பார்த்தேன். மிக்சர் மேசையில், மேடையிலிருந்து 20 மீட்டரில், 101. சர்பத் கடையில் 95. சாலைக்கு அந்தப் பக்கம் முதல் வீட்டுத் திண்ணையில் 84. கைபேசி மைக் சரிபார்க்கப்பட்ட மீட்டர் கிடையாது, பெரிய சத்தத்தில் திணறும். அதனால் இந்த எண்களை அளவாக எடுக்காமல், இரண்டு இரவை ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன்.

காலைப் பஞ்சாயத்து

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோயில் முன்மண்டபத்தில் கூடினார்கள். கடைக்காரர்கள் தரைவாடகையில் பாதிதான் தருவோம் என்றார்கள். கிழக்குக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார்.

"ராத்திரி மூணு மணிக்கு வள்ளத்தத் தள்ளணும்யா. பத்து மணி வரைக்கும் நெஞ்சுல உலக்கை போட்டு இடிச்சா எப்பத் தூங்குறது?"

இளைஞர் மன்றத்துக்காரர் ஒருவர், "மேடைக்கு முன்னாடி இருக்கவுக குறை சொன்னா சரி. உங்க வீடு பக்கவாட்டுல எங்கயோ இருக்கு" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாக்ஸ் வடக்கே பார்க்கிறது, கிழக்கே இருப்பவருக்கு ஏன் நெஞ்சில் இடிக்கிறது? பதில் அப்போதே எனக்குத் தெரியும், வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. டாப் பாக்ஸிலிருந்து வரும் குரல், கிட்டார், ஜால்ரா எல்லாம் டார்ச் வெளிச்சம் மாதிரி, திருப்பிய பக்கம் போகும். பேஸ் அப்படியில்லை, அரிக்கேன் விளக்கு மாதிரி. முன்னால், பின்னால், பக்கத்தில் என்று வித்தியாசம் பார்க்காது. பெரியவர் சொன்ன உலக்கை அதுதான்.

தலைவர் ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தார்: "இன்னைக்கு சவுண்டப் பாதியாக் குறைச்சிரு." நான், "குறைச்சா பின்னாடி உக்காந்திருக்கவுகளுக்குக் கேக்காது மாமா. மறுபடி ஏத்தச் சொல்லுவீக. மேடையத் திருப்புவோம்" என்றேன்.

திருப்புவது என்றதும் பேச்சு அம்மனுக்குப் போனது. சன்னதிக்கு முதுகு காட்டி ஆடக் கூடாது, அது சரிதான். நான் கேட்டது கிழக்கு ஓரம். அங்கே நிறுத்தினால் மேடை மேற்கே பார்க்கும், அம்மனுக்கு நேர் முகம். பாக்ஸ் எதிரே கோயில், பனங்காடு, உப்பளம். பனைமரத்துக்கும் உப்புக்கும் தூக்கம் கெடாது. பூசாரிதான் முதலில் தலையாட்டினார். "ஆத்தா கச்சேரி பாக்கட்டும்" என்றார். பெண்களின் கும்மி மட்டும் ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும், அதன் பிறகே மைக் என்று பேசி முடித்தார்கள்.

மேடை டிரைலராக இருந்தது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிமெண்ட் மேடையாக இருந்திருந்தால் இந்த ஆய்வு இத்தோடு முடிந்திருக்கும். பலகையைப் பிரித்து, டிராக்டரை மாட்டி இழுத்து, மறுபடி பரப்ப ஆறு பேருக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. போட்டோவில் கடல் போச்சே என்று மன்றத்துப் பையன்களுக்கு மட்டும் மனத்தாங்கல்.

காற்றுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போகக் கூடும். காற்றோடு போகும் சத்தம் இதனால் தரையை நோக்கி வளைந்து இறங்கும், தூரத்து வீட்டு வாசலிலும் போய் விழும். எதிர்க்காற்றில் போகும் சத்தம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். முதல் இரவு கச்சான் என் பாட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்குள் போட்டது. மேடை மேற்கே பார்த்தால் காற்று எதிரே. ஐம்பது மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, தூரத்துக்குத்தான் அது உறைக்கும். ஆனால் காற்று போகிற திசையில் இப்போது என் மேடையின் முதுகு இருந்தது, அந்த முதுகுப் பக்கத்தில் மூன்று மணிக்கு எழ வேண்டிய பெரியவரின் வீடு. பேஸை அடக்காமல் மேடையை மட்டும் திருப்பினால், வடக்குத் தெரு தொல்லையைக் கிழக்குத் தெருவுக்கு மாற்றிவிட்டது போலத்தான்.

பேஸ் பாக்ஸ்

நாலரை மணிக்கு ஒரு பாட்டைப் போட்டுவிட்டு நடந்து பார்த்தேன். கடை வரிசை இப்போது பக்கவாட்டில். பஜ்ஜிக் கடை, வளையல் கடையில் நன்றாகவே குறைந்திருந்தது. சர்பத் கடைக்குப் போனேன். வடகிழக்கு மூலை, மேடைக்கு ரொம்பப் பக்கம். வடக்கு ஓரப் பேஸிலிருந்து 12 மீட்டர்தான்.

"எப்படிண்ணே?"

"பாட்டு காதுல கேக்கல. வயித்துல கேக்குது."

கைபேசி நல்ல எண்ணைத்தான் காட்டியது. ஆனால் மீட்டரின் 'ஏ' அளவு மனிதக் காதைப் பின்பற்றி, அடித்தொண்டைச் சத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் கூட்டும். 63 ஹெர்ட்ஸ் பேஸில் 26 டெசிபலைத் தள்ளிவிடும். அதாவது அவர் வயிற்றில் இடித்ததை என் கைபேசி கணக்கில் சேர்க்கவே இல்லை. நாம் எண்ணைக் காட்டி, "சார், குறைவாத்தான் இருக்கு" என்று வாதாடுவதும், வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் காட்டுவதும் இதனால்தான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இரண்டு ஓரத்திலும் இருந்த பேஸை எடுத்து, மேடை முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்த்தேன். நான்கில் மூன்று போதும். இரண்டு பாக்ஸ் ஆட்களைப் பார்க்க, அவற்றின் நடுவில் மூன்றாவதைப் பின்னால் திருப்பி வைத்தேன், மேடையைப் பார்த்தபடி. திருப்பிய பாக்ஸுக்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, பிளஸ் மைனஸை மாற்ற வேண்டும். இரண்டு, கொஞ்சம் தாமதிக்க வேண்டும். முன் பாக்ஸின் வாய்க்கும் பின் பாக்ஸின் வாய்க்கும் ஒரு மீட்டர் இடைவெளி. இந்த வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும், ஆக ஒரு மீட்டருக்கு 2.9 மில்லிவிநாடி. முன் பாக்ஸின் சத்தம் பின்பக்கமாகச் சுற்றி வந்து சேரும் நேரத்தில், திருப்பிய பாக்ஸ் அதற்கு நேர் எதிராகத் தள்ளும். முதுகுப் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், முன்பக்கத்தில் சேர்ந்து உழைக்கும்.

படித்தபோது இது எளிது. அன்று தாமதம் கொடுக்கும் ப்ராசசரில் 2.9 போட்டேன், பாட்டைப் போட்டேன், மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னாலிருந்ததைவிடப் பின்னால் அதிகமாக இடித்தது. பாட்டை நிறுத்தி, கேபிளைப் பார்த்து, ப்ராசசரைப் பார்த்து, வியர்த்து, தாமதத்தை 2 ஆக்கி, 4 ஆக்கி... என் உதவியாளர் தம்பி டீ கிளாஸோடு வந்து, "அண்ணே, ஃபேஸ் மாத்துனீங்களா?" என்று கேட்டான். மாற்றவில்லை. தாமதம் மட்டும் கொடுத்து, பிளஸ் மைனஸை விட்டிருந்தேன். கழிய வேண்டிய இடத்தில் இரண்டும் கூடிக்கொண்டிருந்தன. ஒரு பட்டன். அழுத்தியதும் மேடைக்குப் பின்னால் கதவைச் சாத்தினது மாதிரி இருந்தது. வள்ளத்தின் மறைவில் நின்றிருந்த நாய் கூட வெளியே வந்து பார்த்தது.

பின்பக்கம் போல பக்கவாட்டில் முழுதாகக் கழியாது, சுமார் 6 டெசிபல் குறையும். பேஸ் நடுவுக்குப் போனதில் சர்பத் கடைக்கு 12 மீட்டர் என்பது 18 ஆனது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் என்பது திறந்தவெளிக் கணக்கு, ஒன்றரை மடங்குக்கு மூன்றரை வரும். ஆறும் மூன்றரையும் சேர்ந்தால் ஒன்பதரை, காதுக்கு ஏறக்குறையப் பாதி. அண்ணன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்றார். பனையோலைத் தட்டி கட்டி மறைத்தால் போதாதா என்று காலையில் ஒருவர் கேட்டார். ஓலைக்குப் பேஸ் என்ற ஒன்று வருவதே தெரியாது.

டாப்பை உயரத்தில் ஏற்றினேன். தரையில் இருந்தபோது அது முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கத்தியது. பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று ஏற்றியதெல்லாம் முதலில் அந்தப் பிள்ளைகளின் காதில்தான் இறங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பு 100 டெசிபல், அதுவும் கால்மணி நேரச் சராசரி. முதல் இரவு மேசையிலேயே 101 என்றால் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று யோசிக்கவே சங்கடமாக இருந்தது. இப்போது டாப் ஏழடி உயரத்தில். பின்னால் ஒரு மர ஆப்பைச் சொருகி, கூட்டத்தின் நடுவைப் பார்த்துக் குனிய வைத்தேன். மேடைக்கு முன்னால் நாலு மீட்டர் விட்டுச் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டினோம்.

திடலின் நீளம் இப்போது கூடிவிட்டதால் 25 மீட்டரில் கல்யாண மண்டபத்துக்குப் போடும் இரண்டு சின்ன பாக்ஸ். அவற்றுக்கு 72 மில்லிவிநாடி தாமதம், அதற்கு மேல் ஒரு பத்து. மேடைச் சத்தம் முதலில் வந்து சேர, சின்ன பாக்ஸ் அதைத் தெளிவாக்கும், காதுக்குப் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே படும். "குறைக்கச் சொன்னா இன்னும் ரெண்டு வைக்கிற?" என்றார் தலைவர். பின்வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பாக்ஸ் இருந்தால் முன்னால் கத்த வேண்டியதில்லை என்றேன். நம்பினாரா தெரியாது, விட்டுவிட்டார்.

அன்று நான் சொன்ன இரண்டு பொய்

முதல் பொய், மன்றத்துப் பையன்களிடம். பக்கத்து ஊரில் எட்டுப் பேஸ் வைத்தார்களாம். நம் ஊரில் நான்கு மூன்றாகிவிட்டால் மானம் போய்விடும். நம் கரையில் பேஸ் பாக்ஸ் என்பது பாதி ஒலி, பாதி கௌரவம். மிச்சமிருந்த நான்காவது பேஸை மேடையின் ஒரு ஓரத்தில் வைத்தேன். மறு ஓரத்தில், உள்ளே கம்பிச்சுருள் கருகி ஸ்பீக்கரைக் கழற்றிய வெறும் கூடு ஒன்று வேனில் கிடந்தது, அதை வலைத்துணி மாட்டி நிறுத்தினேன். டாப் ஏழடிக்கு ஏறியது இவற்றின் முதுகில்தான். எண்ணிப் பார்த்துவிட்டுப் பையன்கள், "அஞ்சு" என்று திருப்தியாகப் போனார்கள்.

இரண்டாவது, கலைக்குழுத் தலைவரிடம். பறை, தவில், உறுமி, பம்பை. இவற்றுக்கு மைக் எதற்கு? நாற்பது பேர் தாண்டியிருப்பவரையும் எழுப்பிவிடும். பாடும் குரலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மட்டும் மைக் கொடுத்தால், மேளத்துக்கு மேலே குரலை ஏற்றினால் போதும், மொத்தமும் இறங்கிவிடும். சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "போன ஊர்ல ஆளுக்கு ஒரு மைக் குடுத்தாங்க. எங்களுக்கு மட்டும் இல்லையா?" அவர் கேட்டதில் ஒலி பற்றிய பேச்சே இல்லை, மரியாதை பற்றிய பேச்சு. காலங்காலமாக மேடைக்குக் கீழே நிறுத்தப்பட்ட வாத்தியங்கள் இவை. அந்த இடத்தில் டெசிபல் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆளுக்கு ஒரு மைக் வைத்தேன். மிக்சரில் அவற்றின் சத்தத்தை ஏற்றும் ஃபேடரை ஏற்றவில்லை. இது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த தடவை அவரை மிக்சர் பக்கம் அழைத்து வந்து, ஏற்றியும் இறக்கியும் காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாம் இரவு

முதல் இரவில் என்னிடம் வந்து ஏற்று, இறக்கு என்று சொன்னவர்களை எண்ணினால் பதினோரு பேர். இரண்டாம் இரவு தலைவரே அறிவித்தார்: சவுண்ட் பற்றி யார் சொல்ல வேண்டுமானாலும் காரியதரிசியிடம் சொல்லுங்கள், அவர் மட்டும் செட்காரரிடம் பேசுவார். காரியதரிசி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் "பேஸ் ஏத்துங்க" என்று கேட்கப் பாதிப்பேருக்குத் தைரியம் இல்லை.

அதோடு ஒரு டார்ச். சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி, சர்பத் கடை அண்ணனிடம் கொடுத்தேன். "அண்ணே, வர்றவுக 'ஒரு நன்னாரி, ஐஸ் கம்மி'ன்னு சாதாரணமாச் சொல்லணும், உங்களுக்கு முதல் தடவையே விளங்கணும். விளங்கலைன்னா டார்ச்சத் தூக்குங்க." என் மேசையிலிருந்து அவர் கடை நன்றாகத் தெரியும். கைபேசியைவிட அவர் காது நம்பகம், பேஸையும் சேர்த்துத்தான் கேட்கும்.

அன்றிரவு மூன்று தடவை சிவப்பு எரிந்தது. முதல் தடவை ஏழே முக்காலுக்கு. பாடுகிற அக்கா மைக்கை வாயோடு வைத்துப் பழகியவர், உச்சத்தில் பிளந்தது. இரண்டாவது, பாட்டே இல்லாத நேரம். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை ஒருவர் வாசித்தார். எந்தப் பறையும் எழுப்பாத சத்தத்தை அவர் ஒற்றை ஆளாக எழுப்பினார். வெறும் பேச்சு என்று நான் ஃபேடரில் கைவைக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம். ஒன்பதே கால். ஃபேடர் எட்டு மணிக்கு இருந்த அதே இடத்தில். ஆனாலும் சிவப்பு. எழுந்து கடைப் பக்கம் போனேன், உண்மையிலேயே கூடியிருந்தது. காற்று அடங்கியிருந்தது. பகலெல்லாம் சுட்ட மணல் ஆறிவிட்டது. மணல் சூடாக இருக்கும்வரை சத்தம் மேல்நோக்கி வளையும். தரை குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருந்தால் அது கீழ்நோக்கித் திரும்பும். இரவில் தூரத்து ஊர்க் கோயில் பாட்டு வீட்டு முற்றத்தில் கேட்பது போலக் கேட்கிறதே, அதுதான் இது. மூன்று டெசிபல் இறக்கினேன், பேஸை மட்டும் தனியாக இன்னும் இரண்டு. கூட்டத்தில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொல்லையே இல்லாமல் இல்லை. ஜெனரேட்டர் வண்டியைக் கேபிள் நீளம் போதாமல் மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தோம். முதல் இரவு அது இருப்பதே தெரியவில்லை. இப்போது பேஸ் அடங்கியதும் அதன் உறுமல் துலக்கமாக ஜிகர்தண்டாக் கடைக்குள் வந்தது. அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை.

எண்ணும் சட்டமும்

ஒப்பிட: மேசையில் 101 இருந்தது 95 ஆனது. சர்பத் கடையில் 95 என்பது 84. சாலைக்கு அந்தப் பக்கம் வீட்டுத் திண்ணையில் 84 என்பது 70. மேசையில் ஆறுதான் இறங்கியது, வீட்டில் பதினான்கு. அந்த ஆறு ஃபேடரால், உயரத்தால், சின்ன பாக்ஸால் வந்தது. மிச்ச எட்டும் டிராக்டர் இழுத்தது.

சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் நான் இன்னும் தேறவில்லை, இதை மறைக்க விரும்பவில்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவுக்கு மேல் 10 அல்லது மொத்தம் 75, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. எங்கள் திடலின் எல்லை கடை வரிசைதான், அதை வணிகப் பகுதி என்றே வைத்தாலும் 75தான், அங்கே 84. பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கிடையாது. பண்டிகைகளுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை நீட்டித்துத் தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் ஒரு தேவாலயம் தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அம்மனுக்கும் அது பொருந்தும்.

75க்குள் ஒரு கிராமியக் கலைக்குழுவை நடத்த முடியுமா? தவிலை மட்டும் அடித்தாலே கடை வரிசையில் 75ஐத் தொட்டுவிடும் என்று நினைக்கிறேன். திடலைப் பெரிதாக்கி, மேடையைக் கடைகளிலிருந்து இன்னும் தள்ளினால் நெருங்கலாம். அனுமதி வாங்கும்போது காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேடையில் நம் இஷ்டத்துக்கு விடுகிற வழக்கம்தான் இங்கே எல்லா இடத்திலும். அன்று குறைந்தபட்சம் 9.50க்குக் கடைசிப் பாட்டை முடித்தோம். ஏட்டு மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு

தரைவாடகை முழுதாக வந்தது. கிழக்குக் குடியிருப்புப் பெரியவரை மறுநாள் கரையில் பார்த்தேன். "தூங்குனீகளாய்யா?" என்று கேட்டதற்கு, "பாட்டு கேட்டுச்சு. ஆனா படுத்தா தூக்கம் வந்துச்சு" என்றார்.

காரியதரிசி ஒரு கணக்கு நோட்டில் திடலை வரைந்து, மேடை கிழக்கு ஓரம், பேஸ் நடுவில், ஜெனரேட்டர் வள்ளங்களுக்கு அப்பால், கேபிள் 50 மீட்டர் கூடுதல் என்று எழுதி, திசைக்கு ஒரு அம்புக்குறியும் காற்றுக்கு ஒரு அம்புக்குறியும் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் கடைக்கு இடம் பிரித்தபோது நானும் அங்கே இருந்தேன். மேடைக்குப் பக்கத்து மூலையை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தோம். சர்பத் கடை அண்ணன் அதையே கேட்டார். கேட்டுவிட்டு, தரைவாடகையில் இருநூறு ரூபாய் தள்ளுபடியும் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் தலைவர்.

"டார்ச்சுக்கு பேட்டரி யாரு வாங்குறது?"